இருபது வெற்றுத்தாள்கள்

என் தங்கை சென்னியம்மாள் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஒன்பது வயதில் பெரியம்மையை ஜெயித்தாள். அந்த வருடம் எங்கள் தெருவில் ஏழு பேருக்கு அம்மை வார்த்து, இரண்டு பேர்தான் எழுந்தார்கள். இருபத்தாறு வயதில் தாலி அறுத்தாள். அதே மாதம் அவளை வீட்டைவிட்டுத் துரத்த வந்த கொழுந்தன்மார் இருவரையும் வாசலிலேயே நிறுத்திப் பேசி, ஓர் அறையையும் அதற்குத் தனி வழியையும் வாங்கினாள். காவேரி வெள்ளம் இரண்டு தடவை அவளுடைய கூழ்க் கொட்டகையை அடித்துக்கொண்டு போயிற்று. இரண்டு தடவையும் அதே இடத்தில் மறுபடி போட்டாள். 1939 டிசம்பரில் நாமக்கல் கோர்ட்டில், தன் கைரேகை இருந்த காகிதத்தைத் தானே பொய் என்று சொல்லி, மாஜிஸ்திரேட்டை நம்பவைத்தாள். அப்படிச் சொல்லவேண்டாம் என்று போலீசார் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதனால் கடைசியாகச் சொன்ன ஜெயத்தில் எனக்குப் பங்கு இல்லை.

நான் அவளுக்கு ஆறு வயது மூத்தவன். நான்காம் வகுப்பு வரை படித்தேன். சங்ககிரியில் ரயில்வே கேட்டில் வேலை. வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதி வைப்பது என் வேலையாதலால், வீட்டு விஷயங்களையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவைக்கும் வழக்கம் வந்துவிட்டது. இதில் உள்ள தேதிகள் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

ஜேடர்பாளையம் அணைக்குக் கீழே ஒரு பரிசல் துறை. அங்கேதான் சென்னியம்மாளின் கூழ்க் கொட்டகை. இந்தக் கரை சேலம் ஜில்லா, அந்தக் கரை கோயமுத்தூர் ஜில்லா. 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. அக்கரையில் கடைகள் திறந்தபடியே இருந்தன. கரும்புக் காட்டுக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் கூலிக்கு வரும் பெண்கள் சிலர் இடுப்பில் சாராயத்தைக் கட்டிக்கொண்டு பரிசலில் வந்தார்கள். அதைத் தடுக்க ஓர் ஏட்டும் ஒரு போலீஸ்காரரும் துறையில் தென்னோலைக் கொட்டகை ஒன்று போட்டு உட்கார்ந்தார்கள்.

ஆரம்பத்தில் அவர்களே பெண்களைத் தடவிப் பார்த்தார்கள். கூச்சலும் சண்டையும் எழுந்தன. ஒரு நாள் மேலதிகாரி ஒருவர் குதிரையில் வந்தார். ஒரு பெண்ணின் உடம்பை இன்னொரு பெண்தான் சோதிக்கவேண்டும், அதுவும் மானத்துக்குக் குறைவில்லாமல் செய்யவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது என்று இருவரையும் எல்லார் முன்னாலும் கடிந்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஏட்டு கூழ்க் கொட்டகைக்கு வந்தார்.

"சென்னியக்கா, பொம்பளைய பொம்பளைதான் தேடோணுமாம். நீதான் பக்கத்துல இருக்கறே. கூப்படறப்ப வந்து பாத்துக் குடு."

"பொம்பளையத் தேட நான் வாரனுங்க. ஆம்பளையத் தேட நீங்க இருக்கறீங்க. உங்களைத் தேட ஆரு இருக்கறாங்க?"

ஏட்டு சிரித்துவிட்டார். அப்போது அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சென்னியம்மாள் கொட்டகையின் பின்பக்கம் ஓலைப் படல் ஒன்றைக் கட்டினாள். படலுக்கு இருபது அடிக்குள் ஆண் யாரும் நிற்கக்கூடாது என்றாள், நிற்கவில்லை. ஒருத்தியைத் தேடும்போது இன்னொருத்தியை உள்ளே விடமாட்டாள். சாராயம் இருந்தால் இருக்கிறது என்பாள். இரக்கப்பட்டு மறைத்ததில்லை. ஒரு தடவை ஒருத்தி சைக்கிள் டியூபில் சாராயத்தை அடைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டி வந்திருந்தாள். படலுக்கு உள்ளிருந்து என் தங்கையின் குரல் துறை முழுக்கக் கேட்டது.

"ஏனம்மிணி, டியூபு மட்டும் வருது, சைக்கிள் எங்க?"

பிடிபட்டவளும் சிரித்தாளாம். "போலீசுக் கை படறதுக்கு சென்னியக்கா கை படட்டும்" என்று பெண்கள் சொல்வதை நானே காதால் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் பெருமைதான்.

சாராயம் அகப்பட்டால் மகஜர் எழுதவேண்டும். யார் தேடினார்கள், என்ன கிடைத்தது, எந்த இடம், எத்தனை மணி என்று எழுதி, தேடியவரும் பார்த்தவரும் அடியில் கையெழுத்துப் போடவேண்டும். சென்னியம்மாள் இடது பெருவிரல் ரேகை வைப்பாள். ஏட்டுக்கு எழுத்து வேகமாக வராது. எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் கூழ் அடிப்பிடிக்கும், பரிசல் இரண்டு வந்துபோகும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெற்றுத்தாளின் அடியில் அவள் ரேகையை வைத்துவிடுவாள். தாள் ஏழு கல் தூரத்தில் உள்ள ஸ்டேஷனுக்குப் போகும். அங்கே ரைட்டர் அழகாக எழுதிச் சேர்ப்பார். இரண்டு பக்கத்துக்கும் சௌகரியமாக இருந்தது. தேடியது உண்மை, கிடைத்தது உண்மை, ரேகை உண்மை. அதனால் தாள் வெறுமையாக இருப்பதை அவள் ஒரு குறையாக நினைக்கவில்லை. எழுதியிருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான்.

1939 ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் ஏகக் கூட்டம் வரும் என்று, முதல் நாள் சாயங்காலமே ஏட்டு மையட்டையோடு வந்தார். மொத்தமாக இருபது தாளில் ரேகை வாங்கிக்கொண்டார். மறுநாள் ஆறு பேரிடம் சாராயம் அகப்பட்டது. ஆறு தாள் செலவு. மீதி பதினான்கைத் திருப்பிக் கேட்டாள்.

"அதெல்லாம் அடுப்புல போட்டாச்சு, அக்கா" என்றார் ஏட்டு.

இது நடந்து இரண்டு மாதம் கழித்து ராமாத்தாள் விஷயம் வந்தது.

ராமாத்தாள் அக்கரைக்காரி. இருபது வயது. புருஷன் கந்தன் மண்வெட்டிக் கூலி. ராமாத்தாள் இக்கரையில் கரும்புக் காட்டில் வேலை செய்தாள். ஐந்து மாதக் கைக்குழந்தை மாமியாரிடம் இருக்கும். தினமும் மத்தியானம் பரிசலேறிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குத் திரும்புவாள். திரும்பும்போதெல்லாம் சென்னியம்மாள்தான் அவளைச் சோதிப்பாள். ஒரு நாளும் ஒன்றும் இருந்ததில்லை. "மார்ல பாலு, மடியில வெத்தலை, போ சாமி" என்று அனுப்பிவிடுவாள்.

1939 அக்டோபர் 19, வியாழக்கிழமை. மறுநாள் எங்கள் அம்மாவின் திதி. சென்னியம்மாள் காலையிலேயே கொட்டகையை மூடிவிட்டு சங்ககிரிக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று மத்தியானம் ராமாத்தாள் பரிசலை விட்டு இறங்கியபோது தேடுவதற்குப் பெண் இல்லை. போலீஸ்காரர் அவளைத் தங்கள் கொட்டகைக்குள் வரச்சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்தார். உள்ளே நடந்தது என்ன என்று அவள் கோர்ட்டில் சொன்னாள். நான் அதை இங்கே எழுதவில்லை. அவள் போலீஸ்காரரின் மணிக்கட்டைக் கடித்ததை மட்டும் எழுதுகிறேன். நான்கு பல் பதிந்திருந்தது.

கடிபட்ட பிறகு அவளை வெளியே விட அவர்களுக்குப் பயம். வியாழன் இரவும் வெள்ளி இரவும் அந்தக் கொட்டகையிலேயே வைத்திருந்தார்கள். மாரில் பால் கட்டி, அவளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. கந்தன் இரண்டு தடவை வந்து கேட்டான். அப்படி யாரும் இங்கே இல்லை என்று விரட்டினார்கள்.

பிடித்த ஆளை இருபத்துநான்கு மணி நேரத்துக்குமேல் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் வைத்திருக்கக்கூடாது. கிரிமினல் புரொசீஜர் கோடு 61-வது பிரிவு. பிரிவு எண்ணைப் பின்னால் ஒரு வக்கீல் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஏட்டுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அதனால், 21-ந் தேதி சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ராமாத்தாள் பரிசலில் வந்தாள், சென்னியம்மாள் அவளைச் சோதித்தாள், இடுப்பில் இரண்டு புட்டி சாராயம் இருந்தது என்று மகஜர் தயாரானது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளை மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர் செய்தார்கள். காகிதத்தின்படி இருபத்திரண்டு மணி நேரம். கணக்கு சரியாக இருந்தது. அடுப்பில் போட்டதாகச் சொன்ன பதினான்கு தாளில் ஒன்றுதான் அந்த மகஜர்.

சென்னியம்மாள் ஞாயிறு சாயங்காலம் ஊர் திரும்பினாள். ராமாத்தாளைப் பிடித்துப்போன சேதி மட்டும் காதில் விழுந்தது. தன் பெயர் அதில் இருப்பது தெரியாது. நவம்பர் கடைசியில் போலீஸ்காரர் கோர்ட் சம்மன் கொண்டுவந்தார். மணிக்கட்டில் தழும்பை மறைத்துத் துணி சுற்றியிருந்தார். சம்மனுக்குப் பின்னால் ரேகை வாங்கிக்கொண்டார்.

"எப்பவும் போலத்தான், அக்கா. தேடுனேன், இருந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை."

"ஆருங்க இந்தத் தடவை?"

"ராமாத்தா."

"அவள நான் தேடவே இல்லீங்களே. நான் ஊர்லயே இல்லை."

"தேடுனேன்னு உன்ற ரேகை சொல்லுது. நீ இல்லேன்னு சொன்னா, பொய் மகஜருக்கு ரேகை வெச்சவ நீதான். உள்ள போறது ராமாத்தாவா, நீயான்னு யோசிச்சுக்க."

அன்று மத்தியானமே கிளம்பி என்னிடம் வந்தாள். சோறு வேண்டாம் என்றாள். நடந்ததை முழுதும் சொன்னாள். நான் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டேன்.

"ரேகை என்னுது இல்லேன்னு சொல்லிப்போட்டா?" என்றாள்.

"விரலை ஒத்திப் பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

"அப்ப, என்னுதுதான், வெத்துத்தாள்ல வெச்சதுன்னு சொல்லோணும்."

"சொன்னா உன்னைச் சும்மா விடமாட்டாங்க. கடையும் போயிடும். என் வேலைக்கும் ஆபத்து வரும். எப்பவும் சொல்ற ரெண்டு வார்த்தையைச் சொல்லிட்டு வந்துடு. அவளுக்கு ஆறு மாசம் ஜெயில். போயிட்டு வந்துடுவா."

நான் சொன்னது இது. ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

"அவ மாருல பாலு நின்னுபோச்சாம், அண்ணா. கந்தன் சொன்னான். உனக்கு வேலைக்குப் பயம்னா நீ கோர்ட்டுக்கு வராத. நான் நாமக்கல்லுக்கு வழி கேட்டுப் போய்க்கறேன்."

நான் ஒரு நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அவளோடு போனேன்.

கந்தன் இரண்டு ஆடுகளை விற்று ஒரு வக்கீலை வைத்திருந்தான். சென்னியம்மாள் போலீஸ் தரப்புச் சாட்சி என்றாலும், அவளே அந்த வக்கீல் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னாள். வக்கீல் சந்தோஷப்படவில்லை.

"நீ சொல்றது நிஜம்னு நான் நம்பறேன். கோர்ட் எப்படி நம்பும்? சனிக்கிழமை நீ சங்ககிரியில் இருந்தேன்னு உன் அண்ணன் சொன்னா, அண்ணன்தானேம்பாங்க. வேற யார் பார்த்தது?"

இரண்டு பேரும் யோசித்தோம். கடைசியில் அவள்தான் இடது கையின் மேல்புறத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஊசி போட்டாங்களே."

சனிக்கிழமை சங்ககிரியில் காலரா பயம். சந்தைக்குள் போகிற எல்லாருக்கும் சுகாதார இன்ஸ்பெக்டர் ஊசி போட்டார். ஊசி போட்டதற்கு ஒரு ரிஜிஸ்தர்: பெயர், ஊர், நேரம், கையெழுத்து அல்லது ரேகை. வக்கீல் அன்றைக்கே அந்த ரிஜிஸ்தரைக் கோர்ட்டுக்கு வரவழைக்க மனுப் போட்டார்.

விசாரணை டிசம்பர் 14, வியாழக்கிழமை. அதற்கும், பின்னால் தீர்ப்புக்கும் நான் மறுபடி லீவு போட்டுப் போனேன். ராமாத்தாளைச் சப்-ஜெயிலிலிருந்து கொண்டுவந்தார்கள். ஜாமீனுக்கு நிற்க ஆள் கிடைக்காததால் அதுவரை உள்ளேதான் இருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சென்னியம்மாள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். போலீஸ் தரப்பில் கேஸ் நடத்திய சப்-இன்ஸ்பெக்டர் மகஜரைக் காட்டினார்.

"இந்த ரேகை உன்னுடையதா?"

"என்னுதுதானுங்க."

"சரி. அப்படியானால் இதில் எழுதியிருக்கிறபடி..."

"ரேகைதானுங்க என்னுது. மேல இருக்கற எழுத்து என்னுது இல்லீங்க. நான் வெச்சப்ப அங்க ஒண்ணுமே இல்லை."

கோர்ட்டில் சலசலப்பு. ஏட்டு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார். சப்-இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தி, பொய்ச்சாட்சி கேஸில் உள்ளே போவாய், தெரியுமா என்றார். மாஜிஸ்திரேட் கையமர்த்தினார்.

"வெற்றுத்தாளில் ரேகை வைப்பது தப்பு என்று உனக்குத் தெரியாதா?" என்று மாஜிஸ்திரேட்டே கேட்டார்.

"எழுதுன தாளுக்கும் எழுதாத தாளுக்கும் எனக்கு என்னங்க சாமி வித்தியாசம்? எதை எழுதியிருந்தாலும் எனக்குத் தெரியப்போறதில்லை. அவிங்களை நம்பித்தான் ரெண்டு வருசமா வெச்சேன். தப்புத்தானுங்க."

"இப்போது ராமாத்தாளுக்காக யாராவது உன்னைச் சொல்லச் சொன்னார்களா?"

"சொல்லவேண்டாம்னுதானுங்க எல்லாரும் சொன்னாங்க. கூடப் பொறந்தவன் உட்பட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வக்கீல் எழுந்து மகஜரை மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தார். மேலே பத்து வரிகள் தாராளமாக இடைவெளி விட்டு எழுதியிருந்தன. ரேகையை நெருங்க நெருங்க எழுத்து சிறுத்து, கடைசி மூன்று வரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. எழுதி முடித்த தாளில் ரேகை வைப்பவர்கள் எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழேதான் வைப்பார்கள்; இங்கே எழுத்துதான் ரேகைக்குப் பயந்து ஒதுங்கியிருக்கிறது என்றார். பிறகு காலரா ரிஜிஸ்தர் வந்தது. 21-ந் தேதி, காலை பத்தரை மணி, சென்னியம்மாள், இடது பெருவிரல் ரேகை. சங்ககிரியிலிருந்து துறை இருபது கல்லுக்கு மேல். மாஜிஸ்திரேட் இரண்டு ரேகைகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒரே விரல். அரை மணி நேர இடைவெளியில் இரண்டு ஊரில் இருக்க முடியாது.

18-ந் தேதி திங்கட்கிழமை ராமாத்தாளை விடுதலை செய்து தீர்ப்பு வந்தது. ஐம்பத்தேழு நாள் ஜெயிலில் இருந்திருக்கிறாள். துறையில் நடந்ததைப் பற்றித் தனி விசாரணை வேண்டும் என்று மாஜிஸ்திரேட் மேலே எழுதினார்.

அன்று ஊர் திரும்பும் வழியில் நான் சந்தோஷமாக இருந்தேன். "நல்ல வேளை, அந்த ஊசி ரிஜிஸ்தர் இருந்தது. உன் ரேகையே உன்னைக் காப்பாத்திடுச்சு" என்றேன்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு, அண்ணா?"

"பேரு, ஊரு, நேரம்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அங்கயும் நீட்டுன எடத்துல வெச்சுப்போட்டு வந்தேன். அந்த ஆளு நல்லவன், நெசத்தை எழுதுனான். அவ்வளவுதான்."



ராமாத்தாள் வீடு போனபோது குழந்தைக்கு அவள் முகம் மறந்திருந்தது. ஆட்டுப்பாலும் கஞ்சித்தண்ணீரும் கொடுத்து மாமியார் வளர்த்திருந்தாள். மாசி மாதம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மூன்றாம் நாள் போய்விட்டது. ராமாத்தாள் அதற்கப்புறம் அந்தத் துறையில் பரிசல் ஏறவில்லை.

சென்னியம்மாளின் கொட்டகையை, துறைக்கு வரும் வழியை அடைக்கிறது என்று சொல்லி, தை முதல் வாரத்தில் பிரித்துப் போட்டார்கள். வெள்ளத்துக்கு எதிராக இரண்டு தடவை போட்டவளால் இதற்கு எதிராகப் போட முடியவில்லை. போலீசைத் தவிர வேறு பகையும் வந்தது. ஆடிப் பதினெட்டில் பிடிபட்டுத் தண்டனை அடைந்த ஒருத்தி சந்தையில் அவளை மறித்துக் கத்தினாள்.

"அப்ப என்ற கேசும் வெத்துத்தாள்தானா? என்னைய எதுக்குடி உள்ள அனுப்புனே?"

"உன்ற இடுப்புல புட்டி இருந்துச்சு. அது நெசம்."

"ஆரு நம்புவா இனி?"

ஓலைப் படலுக்குப் பின்னால் இரண்டு வருடம் நேர்மையாகச் செய்த வேலை முழுதும் சந்தேகத்துக்கு ஆளாகிவிட்டது. ராமாத்தாளின் குழந்தை போன சேதியைவிடவும் இதைப் பற்றி அவள் குறைவாகவே பேசினாள். ஆனால் இது அவளை அரித்தது என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு பானையும் ஓர் அகப்பையுமாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என் மனைவி முத்தாயம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்பார்கள். வந்த நாலாம் நாள் சென்னியம்மாள் அவளிடம் கேட்டாள்.

"நங்கை, ஒரு தாளைப் பாத்து அதுல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுக்க எத்தனை நாளாகும்?"

"முப்பத்தெட்டு வயசுல இது எதுக்கு? பேரு எழுதக் கத்துக்க, ஒரு வாரத்துல வந்துடும்."

"பேரு கடைசியில போதும். மொதல்ல படிக்கோணும்."

அப்படித்தான் செய்தாள். படிக்க வரும்வரை பெயர் எழுதுவதைத் தொடவே இல்லை. பகலில் கேட் பக்கத்தில் பணியாரம் விற்றாள். மத்தியானம் வண்டி இல்லாத இரண்டு மணி நேரம், கூட்ஸ் வண்டியின் மேல் ஒட்டிய சீட்டு, மருந்துப் புட்டியின் மேல் இருந்த காகிதம், வரி நோட்டீஸ் என்று அகப்பட்டதையெல்லாம் நங்கையிடம் நீட்டி எழுத்துக் கூட்டினாள். கையால் சேர்த்து எழுதும் கூட்டெழுத்தும் அச்செழுத்தும் வேறுவேறாக இருப்பதைப் பார்த்து ஒரு வாரம் மனம் உடைந்தாள். பிறகு கூட்டெழுத்தையே பிடித்துக்கொண்டாள். ரைட்டர்கள் அப்படித்தானே எழுதுவார்கள் என்றாள்.

தனி விசாரணைக்கு டிவிஷன் ஆபீசர் முன்னால் ஆஜராகச் சொல்லி அவளுக்கு சம்மன் வந்தது. கொண்டுவந்தவர் வேறு போலீஸ்காரர், சங்ககிரிக்குப் புதியவர். கதை தெரியாதவர். டப்பாவைத் திறந்து மையட்டையை எடுத்துக் கேட் கட்டையின் மேல் வைத்தார்.

"பின்னால ரேகை வை, அம்மா. நேரமாச்சு."

"இருங்க சாமி. படிச்சுப் போட்டு வைக்கறேன்."

"படிக்கத் தெரியுமா உனக்கு?"

"மெதுவாத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தேன். அவள் விரலை வைத்து வரி வரியாகப் போனாள். ஈரோடு பாசஞ்சர் வந்து போயிற்று. போலீஸ்காரர் பீடி ஒன்றைக் குடித்து முடித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க என்னங்க, மணி போடாம விட்டிருக்குது?" என்றாள். அவர் எட்டிப் பார்த்தார். மணி எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"அதை அப்பறம் ஆபீசுல போட்டுக்குவாங்க."

"இப்பப் போடுங்க. போடாத தாளுக்கு நான் ஒண்ணும் வைக்கறதில்லை."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பென்சிலால் பதினொன்று என்று போட்டார். பென்சில் வேண்டாம் என்றாள். என் மேசையிலிருந்து பேனாவும் மைக்கூடும் எடுத்துக் கொடுத்தேன். அவர் மையால் எழுதினார். அவள் அதையும் படித்துப் பார்த்தாள். பிறகு மையட்டையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளைத் திருப்பி, சென்னியம்மாள் என்று எழுதினாள். எழுத நான்கு நிமிடம் ஆயிற்று. கடைசி எழுத்தின் புள்ளியில் மை கொஞ்சம் பரவிவிட்டது.

அன்றைய தேதி என் நோட்டில் இருக்கிறது: விக்கிரம வருடம் ஆனி மாதம், 1940 ஜூலை 8, திங்கட்கிழமை.